முப்பதுக்கு ஒருமுறை விழும் டெஸ்ட்

எப்போதும் ஃபெயில் ஆகும் மென்பொருள் டெஸ்ட்டோடு எனக்குச் சண்டை இல்லை. தேடினால் காரணம் கிடைக்கும். திருத்திவிட்டு இன்னொரு முறை ஓட்டினால், திருந்தியதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். இருபத்தொன்பது முறை பாஸ் ஆகி முப்பதாவது முறை விழுகிறதே, அதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும். எதையோ மாற்றுகிறோம், பாஸ் ஆகிறது. மாற்றியதால் பாஸ் ஆனதா, இன்றைக்கு விழும் முறை வரவில்லையா என்று சொல்ல வழியே இல்லை.

இந்தக் கோடையில் கிருஷ்ணகிரியில், ஷீட் கூரை போட்ட எங்கள் மாடியறையில், அப்படிப்பட்ட ஃபெயிலியர்களோடு மல்லுக்கட்டிய கதை இது. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலைகள் இருப்பது தெரிந்ததே. உறைய வைத்த கூழை மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். அந்தக் குளிர் அறையின் வெப்பநிலையை இடைவிடாமல் பதியும் சின்னப் பெட்டி ஒன்றை ஓசூரில் ஒரு பட்டறை செய்கிறது. உள்ளே ஆர்ம் போர்டு என்ற குட்டிக் கணினி, அதில் டேட்டாவைச் சேமிக்கும் இஎம்எம்சி சிப், அதன்மேல் கோப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், எல்லாவற்றையும் இயக்க லினக்ஸ். லினக்ஸின் மையமான கெர்னலை 5.15-ஆம் பதிப்பிலிருந்து 6.6-க்கு ஏற்றப் போகிறார்கள். ஏற்றும் முன் ஃபைல் சிஸ்டத்தை உலுக்கிப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பெட்டி ஆலைக்குள் போய்விட்டால் சீசன் முடியும்வரை யாரும் அதைத் திறக்கமாட்டார்கள். பட்டறை அண்ணன் போன் போடும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "பெங்களூரா மாங்காய் இறங்கறதுக்குள்ள முடிஞ்சிருமாப்பா?"

கருவி எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ், ஃபைல் சிஸ்டங்களைச் சோதிக்கும் டெஸ்ட்களின் தொகுப்பு. பெயரைப் பார்த்து எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எஸ்ஜிஐ நிறுவனத்தில் அதற்காகத் தொடங்கியதுதான், இப்போது எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். உள்ளே இரண்டு முரட்டு ஆட்கள் உண்டு. ஒன்று எஃப்எஸ்ஸ்ட்ரெஸ். பல ப்ராசஸ்களை (ஓடும் நிரல்களை) ஒரே நேரத்தில் கிளப்பி, கோப்பை உருவாக்கு, அழி, பெயர் மாற்று, நடுவில் துளை போடு, லிங்க் செய் என்று தோன்றியபடி அடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று எஃப்எஸ்எக்ஸ். 1991-இல் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் எழுதப்பட்டது, இன்றும் வேலை செய்கிறது. அது ஒரே கோப்பை எடுத்துக்கொண்டு எழுதும், படிக்கும், வெட்டும், நீட்டும். கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்று மெமரியில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, படிக்கும்போதெல்லாம் ஒப்பிடும். முதலாவது ஃபைல் சிஸ்டத்தைத் திணறடிக்கும், இரண்டாவது பொய் சொல்கிறதா என்று பார்க்கும்.

போர்டில் நேரடியாக ஓட்டினால் நேரமும் ஆகும், இஎம்எம்சியும் தேயும். அதனால் முதல் கட்டத்தில் 32 ஜிபி மெமரி உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றில், கணினிக்குள் கணினி ஓட்டும் க்யூஎமுவில் நான்கு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதே 6.6 சோர்ஸை அங்கே கட்டி ஓட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு டிஸ்க்: டெஸ்ட் டிவைஸ் நாளெல்லாம் அப்படியே பழசாகிக்கொண்டு வரும், ஸ்க்ராட்ச் டிவைஸை டெஸ்ட்கள் தேவைப்படும்போது புதிதாக ஃபார்மேட் செய்துகொள்ளும்.

ஓட்டியதும் பாஸ் நிறைய வந்தது. சில டெஸ்ட்கள் எப்போதும் விழுந்தன. அவை ஏதோ ஒரு கருவி இல்லாமலோ, கெர்னலைக் கட்டும் அமைப்புகளான கான்ஃபிகில் ஒரு வரி விட்டுப்போயோ விழுபவை, ஒரு மத்தியானத்தில் தீர்ந்தன. அதற்குப் பிறகு மிஞ்சியவைதான் விஷயம். இன்று 475-ஆம் எண் டெஸ்ட் விழும், நாளை 127, மறுநாள் எல்லாம் பாஸ், அதற்கடுத்த நாள் 388 முடியாமல் தொங்கும்.

இந்த இடத்தில் பல பேர் ஒரு காரியம் செய்வார்கள். விழுந்ததை மறுபடி ஓட்டி, பாஸ் ஆனால் பச்சை போட்டுவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. மறுபடி ஓட்டுவதில் தப்பில்லை, ஆனால் முதல் தடவை விழுந்த தடயம் கையில் இருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தன் முடிவுகளை ரிசல்ட்ஸ் அடைவில் எழுதுகிறது. அடுத்த ஓட்டம் அதே பெயரிலேயே எழுதி முந்தையதை மூடிவிடும். அதனால் ரிசல்ட்_பேஸ் என்ற மாறியில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதியும் நேரமும் சேர்த்த தனி அடைவைக் கொடுத்தேன். கூடவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: டிமெசேஜ் என்ற கெர்னல் லாக், எஃப்எஸ்ஸ்ட்ரெஸ் தொடக்கத்தில் அச்சிடும் சீட் எண் (அதன் தாறுமாறான செயல் வரிசை இந்த எண்ணிலிருந்து பிறக்கிறது), கெர்னல் கான்ஃபிக், விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் ஹோஸ்ட் டெஸ்க்டாப்பின் லோடு, அறைச் சுவரில் மாட்டிய வெப்பமானி எண் ஆகிய எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவைக்கும். ஒவ்வொரு டெஸ்ட் தொடங்கும்போதும் அதன் பெயரும் நேரமும் கெர்னல் லாகிலேயே ஒரு வரியாக விழுவதால், எந்தச் செய்தி எந்த டெஸ்ட்டின்போது வந்தது என்று பிரிப்பது சுலபம். வெப்பமானியைச் சேர்த்தது என்னோடு வேலை பார்க்கும் பாலிடெக்னிக் தம்பியின் யோசனை. "அண்ணா, சென்சார் சும்மாதானே கிடக்குது" என்றான். அந்தச் சும்மா கிடந்த சென்சார்தான் பின்னால் பெரிய வேலை செய்தது.

பிறகு எதையும் திருத்தாமல் ஓடவிட்டோம். இரவும் பகலும் ஓடியது. அண்ணனுக்குப் பொறுமை இல்லை. "வோல்டேஜா இருக்கும்ப்பா, இந்தப் பக்கம் மத்தியானம் ஆனா கரண்ட் இப்படித்தான்" என்றார். டெஸ்க்டாப் யுபிஎஸ்-இல் இருந்தது, ஒருமுறைகூட ரீபூட் ஆனதில்லை, லாகில் அப்படி ஒரு அடையாளமும் இல்லை. அந்தச் சந்தேகத்தை ஓரம் வைத்தேன்.

ஓரளவு சேர்ந்ததும் பிரிக்க உட்கார்ந்தோம். மண்டியில் இறங்கும் காயைத் தரம் பிரிக்காமல் யாரும் விலை பேசுவதில்லை. ஃபெயிலியரையும் அப்படித்தான், டெஸ்ட் எண்ணை வைத்துப் பிரிக்காமல் எப்படி விழுந்தது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். எண்ணை வைத்துப் பார்த்தால் ஏழெட்டு டெஸ்ட் தாறுமாறாக விழுவதாகத் தெரிந்தது. விழுந்த விதத்தை வைத்துப் பார்த்தால் மூன்றே குவியல். அன்மவுண்ட் செய்யும்போது, அதாவது ஃபைல் சிஸ்டத்தைக் கழற்றும்போது, "டார்கெட் இஸ் பிஸி" என்று மறுப்பது ஒன்று. முடியாமல் தொங்கி, என் ஸ்கிரிப்டின் காலக்கெடு வந்து வெட்டுவது இரண்டு. எஃப்எஸ்எக்ஸ் "ரீட் பேட் டேட்டா" என்று கத்துவது மூன்று. மூன்றாவதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. எழுதியது ஒன்று, படித்தது வேறு என்று அதற்கு அர்த்தம். ஃபைல் சிஸ்டம் செய்யவே கூடாத குற்றம் அது.

ஆகவே அதை முதலில் எடுத்தோம்.

எஃப்எஸ்எக்ஸ் விழும்போது நல்ல பிள்ளையாக எல்லாத் தடயமும் விட்டுப்போகும். செய்த செயல்களின் பட்டியல் ஒரு கோப்பில், கோப்பு எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதன் பிரதி இன்னொரு கோப்பில். அந்தச் செயல் பட்டியலை அப்படியே திரும்ப ஓட்டவும் அதற்கு வசதி உண்டு. இங்கே சீட் எண் பற்றி ஒரு வார்த்தை. எஃப்எஸ்எக்ஸ் ஒற்றை ப்ராசஸ். அதே சீட் கொடுத்தால் அதே செயல்கள் அதே வரிசையில் வரும். எஃப்எஸ்ஸ்ட்ரெஸ்ஸில் பல ப்ராசஸ் ஓடும்போது, யார் முந்துவது என்பதை சீட் தீர்மானிப்பதில்லை, கெர்னலின் ஷெட்யூலர் தீர்மானிக்கிறது. அதனால் சீட் கையில் இருப்பதாலேயே ஃபெயிலியரைத் திரும்ப வரவழைக்கலாம் என்று நம்பக்கூடாது. எஃப்எஸ்எக்ஸ் விஷயத்தில் நம்பலாம். நம்பி, அதே பட்டியலை இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். ஒருமுறைகூட விழவில்லை.

அப்படியானால் எக்ஸ்ட்4-இன் தர்க்கத்தில் உள்ள பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. டேட்டா டிஸ்குக்குப் போகும் நேரத்தைப் பொறுத்ததாக இருக்கலாம், அல்லது எஃப்எஸ்எக்ஸுக்கே சம்பந்தமில்லாததாக இருக்கலாம். கோப்பையும் நல்ல பிரதியையும் சிஎம்பி கட்டளை கொண்டு பைட் பைட்டாக ஒப்பிட்டோம். மாறியிருந்தது ஒரே ஒரு பைட். 100 இருக்க வேண்டிய இடத்தில் 68.

இங்கே எஃப்எஸ்எக்ஸ் ஒரு துப்பு தரும்: தப்பான டேட்டாவை எழுதிய செயலின் எண், 256-ஆல் வகுத்த மீதியாக, 68 ஆக இருக்கலாம் என்று. எஃப்எஸ்எக்ஸ் எழுதும்போது கோப்பின் இரட்டைப்படை இடங்களில் அந்தச் செயலின் எண்ணையே 256-ஆல் வகுத்து மீதியை வைக்கிறது. படித்தவுடன் "இது பழைய எழுத்து, 68-ஆவது செயலின் மிச்சம்" என்று சொல்ல முடிவதற்காக. பழைய டேட்டா தலைகாட்டும் பிழைகளில் இது அருமையாக உதவும். இங்கே அதை நம்பிப் போயிருந்தால் தப்பான ஊருக்குப் போயிருப்போம். பழைய எழுத்தின் மிச்சம் என்றால் சில நூறு பைட்டாவது மாறியிருக்கும். இங்கே அக்கம்பக்கத்து இரட்டைப்படை பைட்கள் எல்லாம் 100 என்று சரியாக நிற்கின்றன. அந்தப் பகுதியை எழுதியது 1636-ஆவது செயல், 256-ஆல் வகுத்தால் மீதி 100. நடுவில் ஒன்று மட்டும் 68.

100-இல் 32-ஐக் கழித்தால் 68. பைனரியில் ஒரே ஒரு பிட், ஒன்றாக இருந்தது பூஜ்யமாகியிருக்கிறது.

அந்தக் குவியலின் மற்றவற்றையும் எடுத்து அடுக்கினோம். ஒன்றில் 183 இருக்க வேண்டிய இடத்தில் 151. வித்தியாசம் மறுபடி 32. தம்பிதான் அடுத்ததைப் பிடித்தான். கோப்புக்குள் எந்த இடத்தில் மாறியது என்று ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தேன்: 12614, 8614, 31614. "அண்ணா, எல்லாமே 614-லதான் முடியுது பாருங்க."

பார்த்தேன். கெர்னல் மெமரியை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. கடைசி மூன்று ஹெக்ஸ் இலக்கம் என்பது அப்படிப்பட்ட பக்கத்துக்குள் உள்ள இடம். வேறு வேறு டெஸ்ட், வேறு வேறு விர்ச்சுவல் மெஷின், கோப்பில் வேறு வேறு இடம். ஆனால் பக்கத்துக்குள் மட்டும் அதே இடம், அதே பிட், எப்போதும் ஒன்றிலிருந்து பூஜ்யம். ஃபைல் சிஸ்டத்துப் பிழை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. மெமரியில் ஒரு செல் கெட்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். கெர்னல் கோப்பின் பக்கங்களை மெமரியின் பக்கங்களில் வைக்கிறது. எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், ஆனால் கெட்ட செல் தன் பக்கத்துக்குள் இருக்கும் இடம் மாறாது. விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயும் இந்தக் கணக்கு அப்படியே செல்லும். அந்த இடத்தில் எழுதப்படும் மதிப்பில் அந்த பிட் ஏற்கெனவே பூஜ்யமாக இருந்துவிட்டால் தவறே தெரியாது. எப்போதாவது மட்டும் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெப்பமானிப் பத்தியில் இருந்தது. அந்தக் குவியல் முழுதும் மதியத்துக்குப் பின், அறை 38 டிகிரியைத் தொட்ட நேரங்களில். டிரேம், அதாவது கணினி மெமரியின் செல் என்பது ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும், 64 மில்லிவினாடிக்குள் புதுப்பிக்க வேண்டும். சூடு ஏறினால் கசிவு வேகமாகும். நல்ல செல் தாங்கும், ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் செல் தாங்காது. மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு இரவில் ஓட்டினால் சுத்தம். மத்தியானம், ஷீட் கூரை காய்ந்துகொண்டிருக்கும்போது ஓட்டியதும் சிவப்பு வரி வந்தது. மெமரி ஸ்டிக்கைக் கழற்றி வேறு போட்டோம், இந்தக் குவியல் அதோடு நின்றது. சோதனை மெஷினுக்கு, மாறிய பிட்டைத் தானே கண்டு திருத்தும் இசிசி மெமரி வேண்டும் என்று நான் கேட்டபோது "டெஸ்ட்டுக்குத்தானே" என்றார்கள். டெஸ்ட்டுக்குத்தான் அது மிக அவசியம். ஃபைல் சிஸ்டத்தின் மேல் குற்றம் சாட்டும் எஃப்எஸ்எக்ஸ், தான் ஒப்பிட வைத்திருக்கும் நல்ல பிரதியையும் அதே மெமரியில்தானே வைத்திருக்கிறது?

தொங்கிப்போகும் குவியலில் அதிகம் சொல்ல இல்லை. டிமெசேஜில் ப்ராசஸ் 120 வினாடிக்கு மேல் காத்துக் கிடப்பதாக எச்சரிக்கைகள், எல்லாமே, டேட்டா டிஸ்கில் இறங்கும்வரை காத்திருக்கும் சிங்க் அழைப்பில் நின்றவை. நான்கு மெஷினின் டிஸ்குகளும் ஒரே மலிவு எஸ்எஸ்டியில் சாதாரணக் கோப்புகளாக இருந்தன, க்யூஎமுவின் வழக்கமான ரைட்பேக் முறையில். அந்த முறையில் உள்ளே எழுதுவது முதலில் ஹோஸ்டின் மெமரியில் குவிகிறது. காலியாகக் கிடைக்கும் மெமரியில் 20 சதவீதம்வரை, டிஸ்குக்கு இன்னும் போகாத அழுக்குப் பக்கங்களைத் தேக்கி வைக்க லினக்ஸ் விடும். விர்ச்சுவல் மெஷின்கள் எடுத்தது போக எங்கள் ஹோஸ்டில் அது மூன்று ஜிபிக்கு அருகில். எஸ்எஸ்டியின் வேக கேஷ் நிரம்பி, எழுதும் வேகம் வினாடிக்கு 25 எம்பிக்கு இறங்கினால், அந்த மூன்று ஜிபி இறங்கவே இரண்டு நிமிடம். கெர்னலின் எச்சரிக்கைக் கெடுவும் அதே 120 வினாடி. கேஷ் முறையை "நன்" (ஹோஸ்டின் மெமரியில் தேக்காதது) என்று மாற்றி, ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பார்ட்டிஷன் கொடுத்து, நான்கை இரண்டாகக் குறைத்ததும் தொங்குவது நின்றது. ஒன்று மட்டும் கவனிக்க: இப்படிச் செய்தால் டெஸ்ட்டின் நேர ஓட்டமே மாறிவிடும். மெதுவான டிஸ்கில் மட்டும் வெளிப்படும் உண்மையான ரேஸ் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) ஏதாவது இருந்தால் அதையும் மறைத்திருப்போம். அதற்காக ஒரு மெஷினை மட்டும் வேண்டுமென்றே டிஎம்-டிலே கொண்டு மெதுவாக்கி ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

"பிஸி" குவியல் கொஞ்சம் சுவையானது. விழுந்தவை பெரும்பாலும் 475-உம் 388-உம். 475 டெஸ்ட் எஃப்எஸ்ஸ்ட்ரெஸ்ஸை ஓடவிட்டு, நடுவில் டிஸ்க் செத்துப்போனதுபோல் டிஎம்-எரர் கொண்டு நடித்து, எஃப்எஸ்ஸ்ட்ரெஸ்ஸைக் கொன்று, அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்து, ஃபைல் சிஸ்டம் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிலிருந்து மீட்பு சரியா என்று பார்க்கும். திரும்பத் திரும்ப இதையே செய்யும். 388 டிஸ்கைக் கொல்லாமல் ஃபைல் சிஸ்டத்தையே திடீரென நிறுத்தும். இரண்டிலும் பொதுவானது: ப்ராசஸைக் கொன்ற கையோடு அன்மவுண்ட்.

5.15 இமேஜில் (கெர்னலும் நிரல்களும் சேர்த்துக் கட்டிய தொகுப்பில்) இது வரவே இல்லை, 6.6-இல்தான் வருகிறது. அண்ணன் உடனே "அப்போ புது கெர்னல்தான் கோளாறு, பழசையே போட்டு அனுப்பிடலாமா?" என்றார். இரண்டு இமேஜையும் எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. பழைய இமேஜில் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸைக் கட்டியபோது லிப்யூரிங் லைப்ரரி இல்லை. அது இல்லாவிட்டால் எஃப்எஸ்ஸ்ட்ரெஸ்ஸில் உள்ள ஐஓ_யூரிங் (வேலைகளை ஒரு ரிங்கில், அதாவது வளைய வரிசையில், போட்டுக் கெர்னலிடம் கொடுக்கும் வசதி) எழுத்தும் படிப்பும் சத்தமில்லாமல் எதுவும் செய்யாமல் போய்விடும். புதிய இமேஜில் லைப்ரரி இருந்தது. ஆக, இரண்டு கெர்னலுக்கும் நாங்கள் கொடுத்த அடியே வேறு.

சந்தேகத்தைச் சோதிப்பது சுலபம். எஃப்எஸ்ஸ்ட்ரெஸ்_அவாய்ட் என்ற மாறியில் யூரிங்_ரீட், யூரிங்_ரைட் இரண்டின் எடையையும் பூஜ்யமாக்கி, அதே 6.6-இல் ஓட்டினோம். பிஸி நின்றது. லிப்யூரிங்கோடு கட்டி 5.15-இல் ஓட்டினோம். அங்கேயும் பிஸி வந்தது. புது கெர்னல் மேல் இருந்த பழி நீங்கியது.

உள்ளே நடப்பது இது. சாதாரணமாக ஒரு ப்ராசஸ் செத்தால், அதன் திறந்த கோப்புகளை மூடிவிட்டுத்தான் கெர்னல் அதைத் தொடங்கிய பெற்றோர் ப்ராசஸுக்குச் சேதி சொல்லும். அதனால் அந்தச் சேதிக்காகக் காத்திருக்கும் வெயிட் அழைப்பு திரும்பியதும் அன்மவுண்ட் செய்யலாம் என்று ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பழகிவிட்டார்கள். ஐஓ_யூரிங் வைத்திருந்த ப்ராசஸ் சாகும்போது, அந்த ரிங்கைப் பிரித்து அடுக்கும் வேலையின் ஒரு பகுதி பின்னணியில் வேறொரு வரிசைக்குப் போகிறது. ப்ராசஸ் போய்விட்டது, பெற்றோருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் கோப்பின் மேல் உள்ள ஒரு பிடி இன்னும் சில கணம் இருக்கிறது. அந்த இடைவெளியில் அன்மவுண்ட் வந்தால் பிஸி. லோடு அதிகமான மெஷினில் இடைவெளி நீளும், அதனால்தான் நான்கு மெஷின் ஓடும்போது அடிக்கடி, தனியாக ஓட்டும்போது அரிதாக. டேட்டாவுக்கு இதனால் சேதம் இல்லை. டெஸ்ட்டில் அன்மவுண்ட் மறுத்தால் ஒரு வினாடி விட்டு மறுபடி முயலும்படி ஒரு சுற்று போட்டோம், அதுவும் சில தடவைக்கு மேல் போகாமல். வரம்பில்லாமல் முயன்றால் நிஜமாகவே கோப்பைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு பிழையை நாமே மூடி மறைப்போம். பெட்டியில் ஓடும் எந்த நிரலுக்கும் ஐஓ_யூரிங் தேவையில்லை. அதை முழுதாக அடைக்கும் சிஸ்சிடிஎல் (ஓடும் கெர்னலில் மாற்றக்கூடிய அமைப்பு) 6.6-இல்தான் வந்தது. பெட்டியின் இமேஜில் அதற்கு மதிப்பு 2 வைத்துவிட்டேன்.

மூன்று குவியலும் காலி. கடைசியில் சொல்லப்போகும் ஒன்றைத் தவிர, விர்ச்சுவல் மெஷின்கள் நாட்கணக்கில் சுத்தமாக ஓடின. இனி போர்டில் ஓட்ட வேண்டியதுதான்.

போர்டில் முதல் இரவே புதிதாக ஒன்று விழுந்தது. டிமெசேஜில் இஎம்எம்சியின் கேஷ் ஃப்ளஷ் (தற்காலிகமாகத் தேக்கியதை நிரந்தரமாக எழுதுவது) நேரம் கடந்துவிட்டதாக ஒரு வரி, அதன் பின்னால் ஐ/ஓ எரர், ஜர்னலைப் பார்த்துக்கொள்ளும் ஜேபிடி2 அதைக் கைவிட்டது, எக்ஸ்ட்4 தன்னை ரீட்-ஒன்லியாக, படிக்க மட்டும் முடிவதாக, மாற்றிக்கொண்டது. மற்ற மூன்றையும்போல இதைச் சோதனை அறையோடு விட்டுவிட முடியாது. ஆலையில் இப்படி ஆனால் பெட்டி உயிரோடு இருக்கும், திரையில் எண் ஓடும், பதிவு மட்டும் நின்றிருக்கும். யாருக்கும் தெரியாது.

வீதம் பார்த்தோம்: முப்பதுக்கு ஒன்று அளவில். போர்டு விற்றவர்கள் தந்த கெர்னல் கிளையில் அசல் 6.6-க்கு மேல் பதினாறு பேட்ச் (கோட் மாற்றங்கள்) இருந்தன. அசல் 6.6-ஐப் போட்டு நீண்ட நேரம் ஓட்டினால் விழவில்லை. ஆக, பதினாறில் ஒன்று. கிட் பைசெக்ட் (பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது) போட்டால் நான்கு படி. கேட்க எளிது, ஆனால் எப்போதாவது விழும் பிழையில் பைசெக்ட் ஒரு பொறி. ஒருமுறை விழுந்தால் அந்தப் படி "கெட்டது" என்பது உறுதி. விழாவிட்டால் "நல்லது" என்று எப்போது சொல்வது?

கணக்கு சின்னதுதான். முப்பதுக்கு ஒருமுறை விழுவது, அதிர்ஷ்டத்தால் தொடர்ந்து எத்தனை முறை விழாமல் தப்ப வேண்டுமோ, அதற்கான வாய்ப்பு 29/30-ஐ அத்தனை தடவை பெருக்கியது. 90 முறை ஓட்டினால் அது கிட்டத்தட்ட 5 சதவீதம். ஒற்றைக் கேள்விக்கு இது போதும். பைசெக்டில் ஒரு படியில் தப்பாக "நல்லது" சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு தேடுவதெல்லாம் தப்பான பாதியில். நான்கு படியிலும் 5 சதவீதம் என்றால் மோசமான நிலையில் எங்கோ ஓரிடத்தில் ஏமாற வாய்ப்பு 18 சதவீதத்துக்கு மேல். எனக்கு அது அதிகம். ஒரு படிக்கு 1 சதவீதத்துக்குள் வேண்டுமென்றால் சுமார் 136 ஓட்டம். போர்டில் ஒரு ஓட்டத்துக்கு நான்கு நிமிடம், ஆக ஒரு படிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

அந்த நேரத்தைப் பைசெக்டில் போடாமல், பிழையை அடிக்கடி வரவைப்பதில் போட்டோம். இந்த வகை வேலையில் எனக்கு மிகவும் லாபமாகத் தோன்றுவது இதுதான், ஆனால் பொறுமை இல்லாதவர்கள் நேராக பைசெக்டுக்குப் போய்விடுகிறார்கள். ஃப்ளஷ் ஏன் தாமதமாகும்? இஎம்எம்சிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அவ்வப்போது பழைய பிளாக்குகளைக் கூட்டிப் பெருக்கி இடம் பண்ணும், காலி இடம் குறையக் குறைய அந்த வேலை கூடும். அதனால் 90 சதவீதம் கோப்புகளால் நிரப்பி, எந்த இடம் காலி என்று சிப்புக்குச் சொல்லும் எஃப்எஸ்ட்ரிம்மை நிறுத்தி, மீதியில் டெஸ்ட்டை ஓட்டினோம். நாலுக்கு ஒன்று விழ ஆரம்பித்தது. விழும் விதமும் அதே ஃப்ளஷ் வரிதானா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டோம், வீதத்தைக் கூட்டப் போய் வேறு பிழையைக் கிளப்பிவிடுவது சகஜம் என்பதால். நாலுக்கு ஒன்று என்றால் அதே 1 சதவீத உறுதிக்கு 16 ஓட்டம் போதும், ஒரு மணி நேரச் சொச்சம். கிட் பைசெக்ட் ரன்-னுக்கு ஸ்கிரிப்ட் கொடுத்து, பூட் ஆகாத படிகளுக்கு 125 என்ற வெளியேற்ற எண்ணைத் திருப்பி (இந்தப் படியைத் தாண்டிப் போ என்று அர்த்தம்), விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.

மாலைக்குள் பேட்ச் வந்து நின்றது. ஒரு வரி மாற்றம். கேஷ் ஃப்ளஷ்ஷுக்கு லினக்ஸின் எம்எம்சி பகுதி 30 வினாடிவரை காத்திருக்கும். அதை யாரோ 2 வினாடியாகக் குறைத்திருந்தார்கள், சிப் தொங்கினால் சீக்கிரம் மீளட்டும் என்று பேட்ச் குறிப்பில் காரணமும் எழுதியிருந்தது. காலி சிப்பில், மேசை மேல், 2 வினாடி தாராளம். நிரம்பிய சிப்பில் போதாது. புதுப் பெட்டியில் இது வந்திருக்காது. சில மாதப் பதிவு சேர்ந்த பிறகு, சீசன் நடுவில் வந்திருக்கும்.

மாற்றத்தைப் பின்வாங்கி, 90 சதவீதம் நிரம்பிய சிப்பில் அந்த 16-ஐப்போலப் பல மடங்கு ஓட்டியாயிற்று, விழவில்லை. பெட்டியின் நிரலில் இன்னொன்றும் சேர்த்தோம்: ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆனால் முகப்பில் சிவப்பு விளக்கு எரியும். அண்ணனிடம் சொன்னதும் "அதை முதல்லயே வெச்சிருக்கணும்ப்பா" என்றார், சரிதான்.

நான்காவதாக ஒரு அடைவு மிச்சமிருக்கிறது. அதில் ஒரே ஒரு ஃபெயிலியர், மெதுவாக்கப்பட்ட மெஷினில் வந்தது. டெஸ்ட் எதிர்பார்த்த வெளியீட்டில் இல்லாத ஒரு வரி, கோப்பின் எம்டைம் (கடைசியாக மாறிய நேரம்) மாறவில்லை என்று. 6.6-இல் நேர முத்திரை கெர்னலின் டிக் அளவுக்கே நகரும். எங்கள் கான்ஃபிகில் ஹெச்இசட் (வினாடிக்கு எத்தனை டிக்) 250, அதாவது டிக்குக்கு 4 மில்லிவினாடி. அந்த இடைவெளிக்குள் இரண்டு எழுத்து விழுந்தால் எம்டைம் ஒன்றாகவே இருக்கும். இதற்கென்றே நுணுக்கமான நேர முத்திரை 6.13-இல் எக்ஸ்ட்4-க்கும் வந்தது. இந்த ஃபெயிலியர் அதுதான் என்று சொல்ல ஒற்றை ஓட்டம் போதாது, இடையில் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து வீதத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தம்பி அதற்கான ஸ்கிரிப்டை எழுதிக்கொண்டிருக்கிறான். பெட்டி அதற்காகக் காத்திருக்கவில்லை. பதிவில் நேரத்தை நிரலே எழுதுகிறது, எம்டைமை யாரும் பார்ப்பதில்லை.